உறைவைத் தடுக்கும் மருந்தும் குறைந்துபோகும் சிறுதட்டுகளும்

டெங்குக் காய்ச்சல் நம் நாட்டு மக்களுக்கு ஒரு மருத்துவச் சொல்லைக் கற்பித்துவிட்டது. 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். அக்காலத்தில் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் வீரமுனையிலும் வைத்தியசாலை வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்ட கேள்வி, ‘பிளேட்லெட் எத்தனை?’ என்பதே. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்கவேண்டிய இச்சிறு துணுக்குகளைக் குருதிச் சிறுதட்டுகள் என்று நம் பாடநூல்கள் அழகாகப் பெயரிட்டுள்ளன. கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் நம் கரையோரத்திற்கும் பங்குண்டு. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அன்றோ?

காயம் பட்ட இடத்திற்கு முதலில் ஓடிச்சென்று ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுகும் வாயை அடைப்பவை இச்சிறுதட்டுகள். ஆகவே அவை குறைந்தால் குருதி ஒழுகும் என்று அஞ்சுகிறோம். டெங்குவைப் பொறுத்தவரை அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் சிறுதட்டுகள் குறையக் குறையக் குருதி ஒழுகாமல், மாறாக ஆங்காங்கே உறைந்து நாளங்களை அடைக்கும் விபரீதமான நிலையும் ஒன்றுண்டு. அந்நிலையை உண்டாக்குவதோ குருதி உறையாதிருக்கவென்று வைத்தியர் செலுத்திய மருந்து. இதயச் சத்திர சிகிச்சை பெற்ற நோயாளரிடத்தே இது விசேடமாகக் காணப்படுவது. இந்தப் புதிரை மருத்துவ உலகம் எவ்வாறு கண்டது, காண ஏன் அத்தனை காலம் சென்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அம்மருந்தின் பெயர் ஹெப்பாரின். ‘இரத்தத்தை இளக்கும் மருந்து’ என்று நம்மவர் வழங்கும் வகையைச் சேர்ந்தது. உண்மையில் எந்த மருந்தும் குருதியை நீரைப்போல் இளக்குவதில்லை. உறையும் செயலைத் தடுக்கிறது, அவ்வளவே. அமெரிக்காவிலே பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்னும் மாணவர் பேராசிரியர் வில்லியம் ஹவலின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவந்தார். குருதியை உறையச் செய்யும் பொருளொன்றை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. ஈரலிலிருந்து பிரித்த சாறு ஒன்றை அவர் சிலகாலம் வைத்துப் பரிசோதித்தபோது, அது குருதியை உறையவிடாமற் செய்வதைக் கண்டார். பேராசிரியர் முதலில் நம்பவில்லை. பூனையின் குருதி நிறைந்த கிண்ணமொன்றில் அச்சாற்றைக் கலந்து மேசைமேல் வைத்து, இது உறையும்போது என்னை அழையுங்கள் என்று கூறிச் சென்றதாகவும், அது உறையவேயில்லை எனவும் மக்லீன் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அவருடைய கட்டுரை 1916இல் வெளிவந்தது. 1918இல் ஹவலும் அவருடைய இன்னொரு மாணவரும், ஈரலுக்குரிய கிரேக்கச் சொல்லைக்கொண்டு, உறைவைத் தடுக்கும் அத்தகைய பொருளுக்கு ஹெப்பாரின் எனப் பெயரிட்டனர். உறையச் செய்வதைத் தேடியவருக்கு உறைவைத் தடுப்பது கிட்டியது. பின்னர் உறைவைத் தடுக்கும் அம்மருந்தே உறைவைத் தந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாயிற்று.

ஆய்வுகூடத்துப் பொருள் நோயாளருக்கு உகந்த மருந்தாவதற்கு மேலும் இருபதாண்டுகள் வேண்டியிருந்தன. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான சாள்ஸ் பெஸ்ற் கனடாவின் ரொறன்ரோ நகரிலும், எரிக் யோர்ப்பெஸ் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரிலும் அதனைத் தூய்மைப்படுத்தும் வேலையை மேற்கொண்டனர். 1935இல் ரொறன்ரோவில் அது மனிதருக்குச் செலுத்தப்பட்டது. சத்திர சிகிச்சைக்குப்பின் படுத்திருப்போரின் கால் நாளங்களில் உறைவு தோன்றி, அது பெயர்ந்து நுரையீரலை அடைத்துத் திடீர் மரணம் விளைவதைத் தடுக்க ஒரு வழி பிறந்தது.

அத்தகைய மரணமொன்றே இதயச் சத்திர சிகிச்சையின் வரலாற்றுக்கும் தோற்றுவாயாயிற்று. பொஸ்ரன் நகரில் இளம் வைத்தியரான ஜோன் கிப்பன், நுரையீரலை உறைவு அடைத்த ஒரு பெண்ணின் அருகே இரவு முழுவதும் இருந்து கவனித்தார். அறுவை செய்தும் அவர் பிழைக்கவில்லை. நுரையீரலின் வேலையையும் இதயத்தின் வேலையையும் சிறிது நேரம் ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமாயின் இவர் உயிர் தப்பியிருப்பாரே என்ற எண்ணம் கிப்பனுக்கு அப்பொழுது தோன்றியது. 1931ஆம் ஆண்டளவில் எழுந்த அவ்வெண்ணம், 1953 மே 6ஆந் திகதி பிலடெல்பியா நகரில் பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பெண்ணின் இதயச் சுவரிலிருந்த துளையை மூடியபோது நிறைவேறியது. அவருடைய இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை 26 நிமிடங்கள் இயந்திரம் முற்றாக ஏற்றுக்கொண்டது.

இவ்வியந்திரத்திற்கும் ஹெப்பாரினுக்கும் உள்ள உறவைக் கவனித்தல் வேண்டும். குருதி உடலை விட்டு வெளியேறிக் குழாய்களினூடே ஓடத் தொடங்கியதும், அந்நியப் பரப்பைக் கண்டு உறைய முற்படும். சில நிமிடங்களில் இயந்திரம் அடைபட்டுவிடும். ஆகவே நோயாளரின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 300 முதல் 400 அலகு வரையான பெரும் அளவில் ஹெப்பாரின் செலுத்தப்படுகிறது. அறுவை முடிந்ததும், சமன் என்னும் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோற்றமின் என்ற பொருளால் அதன் வலிமை நீக்கப்படும். ஹெப்பாரின் இன்றேல் திறந்த இதயச் சத்திர சிகிச்சை பரவியே இராது. தமிழகத்தின் வேலூரிலே, 1949இல் றீவ் பெற்ஸ் என்னும் அமெரிக்கர் நெஞ்சறைச் சத்திர சிகிச்சைப் பகுதியை நிறுவிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1961இல் வைத்தியர் கோபிநாத் திறந்த இதயச் சத்திர சிகிச்சையைச் செய்தார். இந்தியாவில் முதன்முதல் நடந்த அத்தகைய சிகிச்சைகளுள் அது ஒன்று. இலங்கையிலும் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை நடைபெறுகின்றது. நம் கரையோரத்தவர் பலர் அங்கு சென்று புத்துயிர் பெற்றுத் திரும்பியிருக்கின்றனர்.

மருந்தின் புகழ் இவ்வாறு ஏறிவந்த காலத்திலேதான் ஐயம் எழுந்தது. 1957ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நடந்த வைத்தியர் கூட்டமொன்றில் வைஸ்மன், ரோபின் என்னும் இரு சத்திர சிகிச்சை வைத்தியர்கள் பத்து நோயாளரின் கதையைக் கூறினர். பதின்மரும் ஹெப்பாரின் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். சில நாட்களின் பின் அவர்களுடைய நாடிகளில் திடீரென அடைப்பு ஏற்பட்டது. அறுவை செய்து வெளியே எடுத்த உறைவுகள் வழக்கமான செந்நிறமாக இல்லாமல் வெளிறியிருந்தன. மருந்தை நிறுத்தவேண்டும் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். ஹெப்பாரினின் முதற்கட்டுரையை எழுதிய மக்லீன் உலக வாழ்வை நீத்ததும் அதே 1957இல் ஆகும். 1964இல் றொபேட்ஸ் என்பவரும் அவருடைய துணைவரும் அதேவிதமான பதினொரு நோயாளரைப் பற்றி எழுதி, உடலின் எதிர்ப்புத் தன்மையே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதினர்.

ஆயினும் உலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. ஏன்? உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்திருக்கையில் உறைவு தோன்றினால், மருந்து போதவில்லை என்றுதான் எவரும் நினைப்பர். அவ்வாறு நினைத்த வைத்தியர் செய்யக்கூடியது யாது? மருந்தின் அளவைக் கூட்டுவதே. தீயை அணைக்கவென்று எண்ணெயை ஊற்றிய கதையாக அது முடிந்தது. இரண்டாவது காரணம் சிறுதட்டுகளை எவரும் எண்ணிப் பார்க்காமை. அந்நாளில் நுணுக்குக் காட்டியின் கீழ் வைத்துக் கண்ணால் எண்ணவேண்டியிருந்தமையால், ஒவ்வொரு நோயாளருக்கும் நாள்தோறும் அது செய்யப்படவில்லை. தானே எண்ணும் கருவிகள் பரவியது 1970களிலேதான். வைஸ்மனும் ரோபினும் அடைப்பைக் கண்டார்கள். சிறுதட்டுகளின் வீழ்ச்சி அவர்கள் கண்ணிற் படவில்லை. 1969இல் நற்றெல்சன் என்பவரும் அவருடைய துணைவரும் ஹெப்பாரின் பெற்ற ஒருவருக்குச் சிறுதட்டுகள் குறைந்ததை எழுதினர். அடைப்பை ஒருவரும் வீழ்ச்சியை இன்னொருவருமாக ஒரே நோயின் இரு பாதிகளைத் தனித்தனியே பார்த்திருந்தனர்.

அவ்விரு பாதிகளையும் ஒன்றுசேர்த்தவர்கள் றோட்ஸ், டிக்சன், சில்வர் என்னும் மூவர். 1973இல் இரண்டு நோயாளரை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். மருந்து செலுத்தச் சிறுதட்டுகள் வீழ்ந்தன, நிறுத்த ஏறின. நோயாளரின் குருதியிலே சிறுதட்டுகளை ஒட்டச்செய்யும் பொருளொன்று இருப்பதையும் அவர்கள் கண்டனர். மருந்தை எதிர்த்து உடலே உண்டாக்கும் பிறபொருளெதிரியின் செயல் இஃது என்ற கருத்து வலுப்பெற்றது. 1992இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் அமிரால் என்பவரின் குழு, அந்தப் பிறபொருளெதிரி எதன்மேற் பாய்கிறது என்பதையும் காட்டியது. சிறுதட்டுகள் தம்முள்ளே வைத்திருக்கும் புரதமொன்று உண்டு. ‘சிறுதட்டுக் காரணி 4’ என்பது அதன் பெயர். அது ஹெப்பாரினோடு சேர்ந்தவுடன் உருமாறுகிறது. உருமாறிய அதனை உடல் அந்நியனாகக் கருதிப் பிறபொருளெதிரியை ஏவுகிறது. அவ்வெதிரி சிறுதட்டுகளைத் தூண்ட, அவை ஒன்றோடொன்று திரண்டு உறைவாகின்றன. அவ்வாறு உறைவுகளிற் செலவானமையாலும் உடல் அவற்றை அகற்றுவதாலும் எண்ணிக்கை குறைகின்றது. எண்ணிக்கை குறைவதும் நாளம் அடைபடுவதும் ஒரே செயலின் விளைவுகள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நேயர்களே, இதயச் சத்திர சிகிச்சை பெற்றோர் இதில் அதிகம் சிக்குவதற்குக் காரணம் இப்பொழுது விளங்கும். அவர்களுக்குச் செலுத்தப்படும் ஹெப்பாரினின் அளவு பெரிது. இயந்திரத்திற் பட்டுச் சிறுதட்டுகள் தூண்டப்பட்டு வெளியிடும் காரணியும் மிகுதி. அவர்களுட் பலருக்குப் பிறபொருளெதிரி தோன்றினாலும், பெரும்பாலோருக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைக்கே நோயாக முதிர்கிறது. அவர்களை இனங்காண்பதே கடினம். ஏனெனில் இயந்திரத்தோடு இணைத்த எல்லோருக்கும் அறுவையை அடுத்த ஓரிரு நாட்களிற் சிறுதட்டுகள் பாதியளவு குறைவது இயல்பு. பின்னர் அவை ஏறத் தொடங்கும். அவ்வாறு ஏறிவந்த எண்ணிக்கை ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே மீண்டும் பாதியாக வீழுமாயின், வைத்தியர் விழித்துக்கொள்ள வேண்டிய வேளை அதுவே. இவ்வாறு நோய்ப்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எங்கேனும் ஓர் அடைப்பு ஏற்படலாம் என்பதால் தாமதம் ஆகாது.

நோயைக் கண்டபின் செய்யவேண்டியவற்றையும் அனுபவமே கற்பித்தது. ஹெப்பாரினை நிறுத்தினால் மட்டும் போதாது. மூண்டெழுந்த உறைவு தொடருமாதலால், வேறுவகையான உறைவுத் தடுப்பு மருந்தை அதனிடத்தே கொடுக்கவேண்டும். வாபரின் குளிசையைச் சிறுதட்டுகள் மீளுமுன் அவசரப்பட்டுத் தொடங்கினால் கை காலில் திசுக்கள் இறந்துபோகக்கூடும் என்பதைக் கனடாவின் ஹமில்ற்றன் நகரைச் சேர்ந்த வோர்க்கென்ரின் 1990களில் எடுத்துக்காட்டினார். அவரே 1995இல், இடுப்பு மூட்டுச் சத்திர சிகிச்சை பெற்ற 665 பேரை ஆராய்ந்த முடிவையும் வெளியிட்டார். வழக்கமான ஹெப்பாரின் பெற்ற 332 பேரில் ஒன்பது பேருக்கு இந்நோய் தோன்ற, சிறு மூலக்கூற்று ஹெப்பாரின் பெற்ற 333 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹெப்பாரினை மருந்தாக்கிய ரொறன்ரோவிலிருந்து ஹமில்ற்றன் அதிக தூரமில்லை.

மாற்று மருந்துகளின் கதையில் நம் வயல்களில் வாழும் ஓர் உயிரின் இனமும் வருகின்றது. அட்டை கடித்த இடத்திலே குருதி நில்லாமல் வடிவதை வேளாண்மை செய்வோர் அறிவர். சுசுருதரின் பழைய நூலில் அட்டை விடும் முறைக்கு ஓர் அத்தியாயமே உண்டு. 1884இல் பிரித்தானிய அறிஞர் ஹேக்ராவ்ட், அட்டையின் தலைப்பகுதியில் உறைவைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். ஹெப்பாரின் கிடைக்குமுன் சிறுநீரகத்தின் வேலையைக் கருவியாற் செய்ய முயன்றோர் அதனையே நாடினர். ஹெப்பாரின் வந்தபின் மறக்கப்பட்ட அப்பொருள், ஹெப்பாரினாலேயே நோயுற்றோரைக் காப்பதற்காக மறுபடியும் தேடப்பட்டது. அதன் வழிவந்த லெப்பிருடின் 1997இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று 2012இல் உற்பத்தி நின்றது. அட்டையின் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட பைவலிருடின், ஹெப்பாரின் ஒவ்வாதோரின் இதயச் சத்திர சிகிச்சையில் இன்றும் கைகொடுக்கின்றது. யப்பானில் ஒக்கமோட்டோ என்பவரின் ஆய்வினாற் பிறந்த ஆர்கற்றொபன் மற்றொரு மாற்றாகும்.

இங்கே நம் ஊர்களில் எழும் ஒரு வினாவையும் தொடாமற் போவதற்கில்லை. ஹெப்பாரின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது? தொடக்கத்தில் ஈரலிலிருந்தும், பின்னர் மாட்டின் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்பட்டது. இன்று உலகில் வழங்கும் ஹெப்பாரினிற் பெரும்பகுதி பன்றியின் குடற் சவ்விலிருந்து பெறப்படுவது. பள்ளிவாசலும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் கரையோரத்திலே முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் இரு வேறு வகையில் இது மனத்தை உறுத்தக்கூடிய செய்தி. உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்த வேளையில் விலக்கப்பட்டதற்கும் இளக்கமுண்டு என்பது மார்க்க அறிஞர் பலர் தரும் விளக்கம். மாட்டிலிருந்து பெற்ற ஹெப்பாரினே சிறுதட்டுக் குறைவை அதிகம் விளைவித்தது என்பது மருத்துவ உலகம் கண்ட உண்மை. விலங்கின் தொடர்பின்றி முற்றிலும் செயற்கையாக ஆக்கப்படும் பொண்டாபரினக்ஸ் போன்ற மருந்துகளும் உள்ளன. ஆனால் அவை இதய நுரையீரல் இயந்திரத்திற்குரிய ஹெப்பாரினின் இடத்தை நிரப்பவல்லன அல்ல. ஐயமுள்ளோர் சிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடமும் மார்க்க அறிஞரிடமும் வாய்விட்டுக் கேட்டுத் தெளிதல் நன்று.

இத்தனை அரிய நோயை ஆராய்ந்ததால் உலகுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு அதற்கு விடை தந்தது. கொரோனாத் தடுப்பூசிகளுள் ஒருவகையைப் பெற்றோரில் மிக மிக அரிதாகச் சிலருக்குச் சிறுதட்டுகள் குறைந்து, மூளை நாளங்களில் உறைவும் தோன்றியது. அவர்கள் ஹெப்பாரின் பெற்றவர்கள் அல்லர். ஆயினும் செருமனியின் கிரைவ்ஸ்வால்ட் நகரிலிருந்து இத்துறையில் நெடுங்காலம் உழைத்துவந்த கிரைனாகர் என்பவரின் குழு, அதே சிறுதட்டுக் காரணி 4ஐத் தாக்கும் பிறபொருளெதிரியே காரணம் என்று சில வாரங்களிற் கண்டறிந்தது. 1957இல் எழுந்த ஐயம் தெளிய முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அந்தத் தெளிவு கைவசம் இருந்தமையால் 2021இல் சில வாரங்கள் போதியனவாயின.

இனி, கொழும்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலே வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? இதயச் சத்திர சிகிச்சை பெற்ற ஒருவர் ஒரு வாரத்தில் அல்லது பத்து நாளில் வீடு திரும்பிவிடுகிறார். அந்நோய் தலைகாட்டும் நாட்களும் அவையே. அரிதாக, ஹெப்பாரினை நிறுத்திப் பல நாட்கள் கழித்தும் அது தோன்றுவதுண்டு. வீட்டிலிருக்கும் அவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நோகலாம், கை கால் விரல்கள் குளிர்ந்து கறுக்கலாம், திடீரென மூச்சுத் திணறலாம், பேச்சுக் குழறலாம். உடனே அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்குள்ள வைத்தியர் அவரை அன்றுதான் முதன்முதற் பார்ப்பவராயிருப்பார். கால் வீங்கி உறைவோடு வருபவருக்கு வழக்கமாகக் கொடுக்கும் முதல் மருந்தும் ஹெப்பாரினே. ஆதலின் அந்த நோயாளர் கையிற் கொண்டுசெல்லும் நோய் நிர்ணயக் குறிப்பு அவருக்கு உயிர்க்காப்பு ஆகும். எந்நாளிற் சத்திர சிகிச்சை நடந்தது, ஹெப்பாரின் செலுத்தப்பட்டதா, வீடு திரும்புகையிற் சிறுதட்டுகள் எத்தனை என்பவற்றை அதிற் காணும் வைத்தியர், இரு பாதிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பார். முன்பு இந்நோய் கண்டவர் தம் வாழ்நாள் முழுவதும் எவ்வைத்தியரிடம் சென்றாலும் அதனை முதலிற் கூறவேண்டும். அண்மையில் ஹெப்பாரின் பெற்றவருக்கு, விசேடமாக நூறு நாட்களுக்குள், மீண்டும் அது செலுத்தப்பட்டால் ஒரே நாளிலும் சிறுதட்டுகள் வீழக்கூடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்பேச்சைக் கேட்டு எவரும் தாம் உட்கொள்ளும் வாபரினையோ அஸ்பிரினையோ தாமாக நிறுத்திவிடலாகாது. அவை வேறு மருந்துகள். செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஒருவர் வாபரினை நிறுத்தினால் அவ்வால்வே அடைபட்டு உயிருக்கு ஆபத்து நேரும். ஹெப்பாரினும் அஞ்சி ஒதுக்கத்தக்க மருந்தன்று. உலகெங்கும் எண்ணிறந்த இதயங்களைச் சீராக்க உதவியது அதுவே. அதனைப் பெற்றவரின் சிறுதட்டுகளை உரிய நாட்களில் எண்ணிப் பார்ப்பதும், பார்த்ததைக் குறித்துவைப்பதும், குறிப்பைத் தொலையாது காப்பதும் போதும். முதலிரண்டும் வைத்தியசாலையின் கடமை. மூன்றாவது நம் வீடுகளின் கடமை.